நான் அடித்துக் கொடுத்த தேர்வுப் பட்டியல்

போன மாதம் லீலா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்றபோது அடுத்த நாற்காலியில் இருந்தவள். இப்போது அவளே சூப்பிரண்டு. ஆபீஸுக்கு ஆள் எடுக்கிறார்களாம். தேர்வுக் குழுவுக்கு உதவியாக உட்காரும் பொறுப்பு முதல் தடவையாக அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"அக்கா, நீங்க எத்தனை இண்டர்வியூவுக்கு இருந்திருக்கிய! நான் எதையெல்லாம் பாத்துக்கிடணும்? ஒரு தாளில எழுதித் தாங்க" என்றாள்.

அவள் போனதும் எழுத உட்கார்ந்தேன். விண்ணப்பங்களை வரிசைப்படுத்துவது, எண் கொடுப்பது, தண்ணீர் வைப்பது என்று மூன்று வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நானே போய் உட்கார்ந்த முதல் இண்டர்வியூவில் தெரிந்துகொண்டதுதான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியில்லை என்று பட்டது. ஒரு தாளில் அடங்கவில்லை, லீலா. பொறுத்துக்கொள்.

அது 1953. நம் நாகர்கோவில் பக்கமெல்லாம் அப்போது திருக்கொச்சியில், அதாவது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. எனக்கு இருபத்தோரு வயது. என் அப்பா முட்டம் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். பள்ளிக்கூடம் முடித்ததும் வடசேரியில் ஒரு மாடியில் இருந்த டைப் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். அங்கேதான் பகவதி எனக்குப் பழக்கமானாள்.

பகவதிக்கு அப்பா இல்லை. அம்மாவோடு வடசேரியில் மாமா வீட்டில் இருந்தாள். அவள் டைப் அடிப்பதைப் பார்க்க இன்ஸ்டிடியூட்டில் மற்ற மிஷின்கள் நின்றுவிடும். கண் தாளைவிட்டு நகராது, முதுகு வளையாது. வரி முடிந்து மணி அடிக்கும் சத்தம் அவள் மிஷினிலிருந்து மட்டும் சீராக வந்துகொண்டே இருக்கும். நான் நாற்பத்தைந்து வார்த்தையில் மூச்சு வாங்குவேன். அவள் அறுபதில் பேசிக்கொண்டே அடிப்பாள்.

தக்கலையில் ஒரு கோட்ட ஆபீஸில் இரண்டு டைப்பிஸ்ட் வேலை காலி என்று வந்தது. எந்தத் துறை என்று உனக்குத் தெரியும்; தாளில் எழுதப்போவதில்லை. இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். மூன்று பேர் கொண்ட குழு கேள்வி கேட்கும், பிறகு அங்கேயே டைப் டெஸ்ட் என்று கடிதம் வந்தது.

பதினைந்து நாள் ஆயத்தம் செய்தோம். வகுப்பு முடிந்ததும் மூன்று ஸ்டூல்களை வரிசையாகப் போடுவோம். ஒன்றில் கேட்கிறவள், மற்ற இரண்டும் காலி. எதிரே நிற்கிறவள் பதில் சொல்லும்போது காலி ஸ்டூல்களையும் பார்த்துப் பேச வேண்டும். கேட்டவரை மட்டும் பார்த்தால் மற்ற இருவருக்கும் கோபம் வருமாம். இது பகவதியின் சட்டம். கேள்விகள் மலையாளத்தில்தான் வரும் என்பதால் மலையாளத்திலும் சொல்லிப் பார்ப்போம். ஒரு கேள்வியில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்தது.

"ஆபீசர் எழுதித் தந்த டிராஃப்டில தப்பு இருந்தா என்ன செய்வே?" என்று பகவதி கேட்டாள்.

"திருத்தி அடிப்பேன்."

"போச்சு. வேலை கிடையாது. எழுதினத அப்படியே அடிக்கணும். தப்புன்னு தோணிச்சுன்னா ஓரத்தில பென்சிலால ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான் மக்கா நம்ம வேலை."

"தப்புன்னு தெரிஞ்சும் அடிக்கவா?"

"தெரியும்னு காட்டத்தானே கேள்விக்குறி?"

கடைசி நாள் கிளம்பும்போது அவள் சொன்னாள். "உனக்கும் சிபாரிசு இல்ல, எனக்கும் இல்ல. ஆருக்குக் கிடைச்சாலும் மத்தவ அழக்கூடாது, என்ன?" நான் தலையாட்டினேன்.

வடசேரியில் முதல் பஸ் பிடித்துத் தக்கலைக்குப் போனோம். பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். எங்களோடு சேர்த்துப் பெண்கள் நான்கே பேர். என் எண் பதினொன்று, பகவதியுடையது பதினான்கு. வராந்தா பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஒருவர் உள்ளே போனால் கொஞ்ச நேரம் பேச்சு, பிறகு பத்து நிமிஷம் மிஷின் சத்தம், பிறகு அவர் வேறு வாசல் வழியாக வெளியே போய்விடுவார்.

பதினோராம் எண்ணைப் பியூன் கூப்பிட்டான். பகவதி என் முழங்கையை ஒரு தட்டுத் தட்டினாள்.

உள்ளே நீள மேசை. நடுவில் சேர்மன், திருவனந்தபுரத்திலிருந்து வந்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். அவர் முன்னால் பென்சில்கள் ஒரே உயரத்துக்குச் சீவி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒருவருக்கு ஒரு பென்சில். ஆள் மாறினால் பழையதை வலப்பக்கம் வைத்துவிட்டுப் புதியதை எடுப்பார். குரல் உயரவே உயராது. நாம் பேசி முடித்த பிறகும் ஒரு கணம் காத்திருப்பார், இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்பதுபோல. அந்த ஒரு கணத்தில் நமக்கே நம் பதிலில் சந்தேகம் வந்துவிடும். அவருக்கு இடப்பக்கம் அந்தக் கோட்டத்து ஆபீசர். ஒரு விண்ணப்பத்தால் விசிறிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் சூப்பிரண்டு; மூக்கருகில் ஒரு பெரிய மச்சம், மடியில் ஒரு ஃபைல்.

"குட்டியுடெ பேரெந்தா?" என்று சேர்மன் கேட்டார்.

பெயரைச் சொன்னேன். ஊர் கேட்டார், அப்பாவின் தொழில் கேட்டார். கடிதத்தில் தேதி எங்கே வரும், கார்பன் தாளை எப்படி வைப்பாய், ரகசியக் கடிதம் என்றால் என்ன? பத்துக் கேள்வி இருக்கும். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தே பதில் சொன்னேன். விசிறிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் நன்றாகத்தான் போனது.

பிறகு மூலையில் இருந்த மிஷினைக் காட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு டிராஃப்ட். வெளியே போனவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. சூப்பிரண்டு இடப்பக்கத்து ஆபீசரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, மடியில் இருந்த ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி, என்னைப் பார்க்காமலே நீட்டினார்.

டைப் அடிக்கிறவர்கள் பொருளைப் படிப்பதில்லை. எழுத்து கண்ணில் விழும், விரலுக்குப் போகும். முதல் இரண்டு வரி அப்படித்தான் போயிற்று. மூன்றாவது வரியில் என் விரல் நின்றது.

அது அந்தத் தேர்வுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு. மேலே அன்றைய தேதி. விண்ணப்பித்த பத்தொன்பது பேரையும் குழு நேரில் கண்டதாகவும், வேகம், பிழையின்மை, நடத்தை மூன்றையும் சீர்தூக்கிக் கீழ்க்கண்ட இருவரையும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்ததாகவும் எழுதியிருந்தது. அடியில் மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. முதல் பெயர் எனக்குத் தெரியாத ஓர் ஆண் பெயர், எண் நான்கு. இரண்டாவது பெயர் பகவதி. எண் பதினான்கு.

காதுக்குள் கடல் இரைவதுபோல் இருந்தது. பகவதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை இன்னும் கூப்பிடவே இல்லை. எனக்குப் பிறகு எட்டுப் பேர் அங்கே காத்திருக்கிறார்கள். ஒருவேளை இதுதான் டெஸ்டோ, நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். அடுத்து வேறொரு நினைப்பு வந்தது. சிபாரிசு இல்லை என்று சொன்னாளே!

"என்ன பிள்ளே, நின்னு போச்சு?" என்று சூப்பிரண்டு திரும்பாமலே கேட்டார்.

அடித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வரி வரைக்கும் அடித்தேன். தாளை உருவிப் படித்துப் பார்த்தேன். பிறகு என் பையிலிருந்து பென்சிலை எடுத்து, 'பத்தொன்பது' என்ற சொல்லுக்கு நேரே ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

தைரியத்தில் போட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். பதினைந்து நாள் பழக்கிய கை, தானாகப் போட்டது.

சூப்பிரண்டு கையை நீட்டினார். அதற்குள் சேர்மன், "இங்கெ தரூ" என்று வாங்கிக்கொண்டார். எல்லாருடைய தாளையும் அவரேதான் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் முனையை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்துக்கொண்டே போனார். பாதியில் பென்சில் நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தார். அடியில் ஒரு வட்டம் போட்டார்.

"ஒரு பிழை" என்றார். பகவதியின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன்.

பிறகு கேள்விக்குறியைத் தொட்டுக் காட்டினார். "இதெந்தா?"

"சார், பத்தொன்பது பேரைப் பார்த்தாச்சுன்னு எழுதியிருக்கு. நான் பதினொண்ணாவது. வெளியில எட்டுப் பேரு இருக்காங்க. அதான்..."

விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. சூப்பிரண்டு பாதி எழுந்து, "அது வேற ஃபைல் சார், பழசு, தப்பி வந்துட்டு" என்றார். அவர் முகத்தில் மச்சத்தைத் தவிர மற்றதெல்லாம் வெளுத்திருந்தது. சேர்மன் தாளின் தலையில் இருந்த தேதியைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய சத்தத்தை நான் எந்த ஆபீஸிலும் கேட்டதில்லை.

அவருக்கும் அது புதிய செய்திதான் என்பது முகத்தில் தெரிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"ஈ பேருகாரை அறியுமோ?"

இந்தப் பெயர்க்காரர்களைத் தெரியுமா என்கிறார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் அந்தக் குரலுக்கு முன்னால் பொய் வரவில்லை.

"ரெண்டாவது பேரு எனக்கத் தோழி, சார். ஒண்ணாத்தான் வந்தோம்."

தலையாட்டினார். இந்த அறையில் கண்டது இந்த அறையோடு இருக்கட்டும் என்று சொல்லி, என்னைப் பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார். அங்கே அடுக்கி வைத்திருந்த பழைய ஃபைல்களுக்கு நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அப்பால் அவருடைய குரல் மட்டும் கேட்டது, ஒரே உயரத்தில்.

மத்தியானம் எல்லாரையும் வராந்தாவில் நிறுத்தினார்கள். முடிந்து போனவர்களையும் டீக்கடையிலிருந்தும் பஸ் நிறுத்தத்திலிருந்தும் பியூன் தேடிப் பிடித்து வந்திருந்தான். டெஸ்ட் மறுபடி நடக்கும் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. நாலாம் எண்ணும் பதினாலாம் எண்ணும் வீட்டுக்குப் போகலாம் என்றான் பியூன்.

"என்னையவா? என்னைய இன்னும் உள்ள கூப்பிடவே இல்லியே!" என்றாள் பகவதி.

"எனக்கொண்ணும் தெரியாதும்மா. போகச் சொன்னாங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மறு டெஸ்டுக்குச் சேர்மன் தன் பையிலிருந்த செய்தித்தாளில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தார். என் விரல்கள் கட்டையாகக் கிடந்தன. ஒரு முழு வரியையே விட்டுவிட்டேன். எழுந்தபோதே எனக்குத் தெரியும், இது தேறாது என்று.

பகவதி சாலையோரத்துப் புளியமரத்தடியில் எனக்காகக் காத்து நின்றாள். பஸ் வில்லுக்குறி தாண்டியதும் அவள் கேட்டாள்.

"ஏட்டி, நீ ஒரு மணி நேரம் உள்ள இருந்தல்லா? என்னைய எதுக்கு அனுப்பினாங்கன்னு ஏதாவது கேட்டியா?"

அறையோடு இருக்கட்டும் என்று சேர்மன் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டேன்.

"நீ ஆருட்டயாவது சொல்லி வச்சியா பகவதி?"

"நானா?"

பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்த சூப்பிரண்டுக்கு மூக்குப் பக்கத்தில மச்சம் உண்டா?"

"உண்டு."

"போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல சாப்பிட்டாரு. மாமாவுக்குத் தெரிஞ்சவருன்னு சொன்னாங்க. நான்தான் எலை போட்டு வெளம்பினேன். ரெண்டு தடவ ரசம் கேட்டு வாங்கிக் குடிச்சாரு." அவள் உள்ளங்கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். "எனக்க கையால வெளம்பியிருக்கேன், புஷ்பம்."

அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. வடசேரியில் இறங்கியதும், "நாளைக்குக் காலையில நான் தக்கலைக்குப் போறேன். நீ வருவியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் சேர்மன் ஊருக்குக் கிளம்பும் முன் ஆபீஸுக்கு வந்திருந்தார். சூப்பிரண்டைக் காணவில்லை. பகவதி நேரே மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நான் வாசற்படியைத் தாண்டவில்லை.

"பதினாலாம் நம்பர், சார். எனக்க மாமா செய்தது எனக்குத் தெரியாது. அத நீங்க நம்பணும்னு கேக்க வரல்ல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வாய் திறந்துவிட்டேன் என்பது அவருக்குப் புரிந்தது.

"பின்னெ?" என்றார் அவளிடம்.

"வேலை வேண்டாம் சார். ஆனா நான் எப்படி அடிப்பேன்னு ஒரு வரிகூடப் பாக்காம என்னைய அனுப்பியாச்சு. மத்த பதினேழு பேரும் அடிச்சத நானும் அடிக்கிறேன். எத்தனை வேகம், எத்தனை தப்புன்னு எண்ணி ஒரு தாளில எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. அது போதும்."

சேர்மன் அந்த ஒரு கணத்தைக் காத்திருந்தார். பகவதி வேறு எதுவும் சேர்க்கவில்லை. அவர் எழுந்து, முந்தின நாள் வெட்டிய செய்தித்தாள் பகுதியை அவரே மிஷின் பக்கத்தில் வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பகவதி நடுவில் கார்பன் வைத்து இரண்டு தாளைச் செருகினாள்.

பத்து நிமிஷம். வராந்தாவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். சேர்மன் இரண்டு தடவை எண்ணினார். அறுபத்தொரு வார்த்தை, பிழை இல்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேல் தாளை அவளிடம் கொடுத்தார். கார்பன் நகலைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

"ஜோலி தரான் பற்றில்ல" என்றார். வேலை தர முடியாது.

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டு வெளியே வந்தாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவள் நாகர்கோவில் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸில் ஒரு வாரத்துக்குள் வேலையில் சேர்ந்தாள்.

லீலா, நீ கேட்டதற்கு என் முதல் பதில் இதுதான். டெஸ்ட் முடிந்து ஒவ்வொருவரும் அறையைவிட்டுப் போகும் முன், அவருடைய வேகத்தையும் பிழையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடு. அப்படி ஒரு விதி இல்லை என்பார்கள். கொடுக்கக் கூடாது என்றும் விதி இல்லை. நான் உட்கார்ந்த எல்லா இண்டர்வியூவிலும் கொடுத்திருக்கிறேன். ஏன் என்பதற்குப் பாதிக் காரணம்தான் இதுவரை சொன்னது.

ஒன்றரை மாதம் கழித்து வேலை உத்தரவு எனக்கு வந்தது. நான் நம்பவில்லை. அப்பா அதை வாங்கி, கடற்கரையில் ஏலம் விடுகிற அதே தொண்டையில் ஊருக்கே வாசித்தார். வரி விட்டுப்போன டெஸ்டுக்கு எப்படி வேலை கிடைத்தது என்று எனக்குள் ஒரு முள் இருந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். அந்தச் சேர்மனை ஒரு நீதிமான் என்று மூன்று வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மச்சக்கார சூப்பிரண்டை வேறு ஊருக்கு மாற்றியதோடு விட்டிருந்தார்கள். அதுகூட எனக்கு உறுத்தவில்லை.

1956 நவம்பரில் நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஆபீஸ் முழுக்க ஃபைல் பிரிக்கிற வேலை. திருவனந்தபுரத்துக்குப் போவது ஒரு கட்டு, நாகர்கோவிலுக்கு வருவது ஒரு கட்டு. ஒவ்வொன்றையும் திறந்து தலைப்பைப் பார்த்துப் பட்டியல் அடிப்பது என் பொறுப்பு. ஒரு மத்தியானம், தட்டெழுத்தர் நியமனம் என்று தலைப்பிட்ட ஒரு ஃபைல் கைக்கு வந்தது. உள்ளே மேலாக நான் அடித்த தாளே இருந்தது, ஓரத்தில் என் கேள்விக்குறியோடு. அடுத்து பகவதியின் கார்பன் நகல். அதற்கு அடுத்து மறு டெஸ்டின் மதிப்பெண் வரிசை.

பதினேழு பேரில் நான் ஒன்பதாவது.

மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். வரிசைக்குக் கீழே சேர்மனின் கையெழுத்தில், பென்சிலில் அல்ல, மையில் ஒரு குறிப்பு. முதலிடத்தில் உள்ளவரை நியமிக்கலாம்; இரண்டாம் இடத்தில் உள்ள ஆரல்வாய்மொழி பொன்னையாவுக்குப் பதிலாகப் பதினோராம் எண்ணை நியமிப்பது உசிதம்; அந்தப் பெண் வரைவைப் படித்துவிட்டாள், வெளியிலும் பேசியிருக்கிறாள்; அவள் வெளியே இருப்பதைவிட உள்ளே இருப்பது துறையின் பெயருக்கு நல்லது.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர் என்ன என்று கேட்டதுகூட எங்கிருந்தோ கேட்டது. மூன்று வருஷம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னொருவருடையது. என் வாயை அடைக்க வைத்த துணி அந்த உத்தரவு. அதைத்தான் அப்பா ஊருக்கெல்லாம் வாசித்தார்.

அந்த ஃபைலைப் பட்டியலில் சேர்த்தேன். தலைப்பைப் பிழையில்லாமல் அடித்தேன். சாயங்காலம் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி நேரே பகவதியின் ஆபீஸுக்குப் போனேன். வக்கீல் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். அவள் மட்டும் மிஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். உறையைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் ராஜினாமா எழுதிரட்டா?" என்றேன்.

"எழுதினா அவனுக்குக் கிடைக்குமா?"

"கிடைக்காது. புதுசாத்தான் ஆள் எடுப்பாங்க."

"பின்ன எதுக்கு? உனக்க மனசு ஆறவா?" கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்தாள். "அந்த ஆளுட்ட சொன்னியா?"

"ஆருட்ட?"

"அந்தப் பொன்னையாட்ட. என்னைய அனுப்பின அன்னைக்கே பஸ்ஸில நீ எனக்குச் சொன்னே. அதனாலதான் நான் மறுநாள் போய் நின்னேன். அவன் மூணு வருஷமா என்னத்த நினைச்சுக்கிட்டு இருக்கானோ!"

நான் ராஜினாமா எழுதவில்லை. அதற்கு நியாயம் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்தச் சம்பளத்தில் எங்கள் வீடு நடந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஆரல்வாய்மொழிக்குப் போனோம்.

கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது. விசாரித்துப் போனதில் பொன்னையா ஒரு சைக்கிள் கடை வைத்திருப்பது தெரிந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. முப்பது வயது இருக்கும். ஒரு சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் வந்து நிற்பதைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தக்கலையில டைப்பிஸ்ட் இண்டர்வியூவுக்கு வந்திருந்தியளா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மூடிக்கொண்டது. "அது பழைய கதையில்லா? எதுக்குக் கேக்கிய?"

"நானும் வந்திருந்தேன். பதினொண்ணாம் நம்பர்."

"அப்போ ஒங்களுக்குக் கிடைச்சிருக்கும்" என்று சிரித்தார். "எனக்கு வாய் சரியில்ல. அந்தப் பெரியவரு மலையாளத்தில கேட்டாரு. நான் தமிழில பதில் சொன்னேன். மலையாளம் தெரியும், ஆனா பதட்டத்தில வாய்க்குத் தமிழுதான் வந்துது. அவரு ஒண்ணும் பேசாம கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, போச்சுன்னு."

அந்த ஒரு கணம்! எல்லாரிடமும் அவர் அப்படித்தான் காத்திருந்தார். பகவதி என் கையைப் பிடித்தாள்.

"அதுக்கப்புறம் வேற எதுக்காவது மனுப் போட்டியளா?" என்று அவள் கேட்டாள்.

"எங்க போட? எனக்கு ஆளுவ முன்னால பேச வராதுன்னு ஆயிப்போச்சு. ரெண்டு இண்டர்வியூ கார்டு வந்துது. போகல்ல. மிஷின் பாடம் படிச்ச சர்ட்டிபிகேட்டெல்லாம் பெட்டிக்குள்ள கிடக்கு."

சொல்ல வந்ததைச் சொன்னேன். எங்கே நின்று சொன்னேன், எப்படி ஆரம்பித்தேன் என்பது இப்போது நினைவில்லை. பட்டியல், கேள்விக்குறி, மறு டெஸ்ட், மையில் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் இடம் ஒன்பது என்பதையும் சொன்னேன். அடிப்பார், திட்டுவார் என்று எதற்கும் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை. கவிழ்ந்து கிடந்த சக்கரத்தைக் காற்று மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ எனக்க வாயி காரணமில்லியா?"

"இல்ல."

"எனக்க டைப்பு?"

"நிமிஷத்துக்கு ஐம்பத்தாறு வார்த்தை. ஒரு பிழைகூட இல்ல. பதினேழு பேரில ரெண்டாவது."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏட்டி செல்வி, இங்க ஓடி வா!" என்று கூப்பிட்டார். கைக்குழந்தையோடு அவர் மனைவி வாசலுக்கு வந்தாள். அவளிடம் சொல்லப் பார்த்தார். என்னைக் கையால் காட்டினார்.

"நீங்க சொல்லுங்க" என்றார். "அந்த நம்பரை இன்னொருக்கச் சொல்லுங்க. இவளும் கேக்கட்டும்."

நான் சொன்னேன்.